விளக்கில் எரிந்த சுறா

நான் பரம சைவம். கேக்கில் முட்டை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பிறந்தநாள் வாழ்த்தே சொல்வேன். அப்படிப்பட்ட நான், நவராத்திரியின் முதல் நாளன்று, டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் சமுதாயக் கூடம் முழுவதையும் மீன் வாசனையால் நிரப்பி, அதற்காகக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். கைதட்டியவர்களில் பாதிப் பேர் விரதத்தில் இருந்தவர்கள். இந்தச் சாதனையை டெல்லித் தமிழர்களில் வேறு யாரும் முறியடித்ததாக இதுவரை தகவல் இல்லை.

சுறா என் வாழ்க்கைக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் கடல் கிடையாது. (யமுனையைக் காட்டிச் சமாளிக்கலாம் என்றால் யமுனையே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.) ஆனாலும் கடலைப் பற்றிய காகிதங்கள் எல்லாம் டெல்லிக்குத்தான் வந்து சேருகின்றன. அவற்றில் சிலவற்றைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. இறால், நண்டு, மத்தி என்று நான் மொழிபெயர்க்காத ஜீவராசி இல்லை. ஒன்றையும் தொட்டதில்லை, தின்றதில்லை. ஒரு நாள் ஆழ்கடல் முள்சுறாக்களைப் பற்றிய கையேடு ஒன்று என் மேஜைக்கு வந்தது. அன்றோடு என் குடும்ப நிம்மதி போயிற்று.

முதுகில் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முள். ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்கு டாக்ஃபிஷ் என்று நாயின் பெயரை வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நாய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெயில் எட்டிப் பார்க்காத கடலடிச் சரிவுகளில், அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், குளிரிலும் இருட்டிலும் குடித்தனம். அந்த இருட்டில் பார்ப்பதற்காகப் பச்சையாக மின்னும் பெரிய கண்கள். மற்ற மீன்கள் பலவற்றுக்கு மிதப்பதற்கென்று வயிற்றில் காற்றுப்பை இருக்கும். இதற்கு அது கிடையாது. பதிலுக்கு எண்ணெய் நிறைந்த ஒரு பெரிய ஈரல். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால், அந்த ஈரலின் தயவில்தான் இந்தச் சுறா மூழ்காமல் நிற்கிறது. மனிதன் இதைத் தேடிப் பிடிப்பதும் அதே ஈரலுக்காகத்தான். வயதுக்கு வரவே வருடக்கணக்கில் ஆகும். சில இனங்களில் தாய் ஏறக்குறைய இரண்டு வருடம் சுமந்து, ஒன்றோ இரண்டோ குட்டி போடும்.

மெதுவாக வளர்வது, வெளிச்சத்துக்கு வராமல் இருப்பது, ஈரல் பெருத்துக் கிடப்பது என்று படிக்கப் படிக்க, யாரோ என்னைப் பற்றியே எழுதியதாகத் தோன்றியது. (என் ஈரலைப் பற்றி டாக்டர் அந்த மாதம்தான் எச்சரித்திருந்தார்.) நான் அந்தச் சுறாவின் பரம ரசிகன் ஆனேன். இரவுச் சாப்பாட்டில் அதைப் பற்றியே பேச்சு. என் மனைவி கோமதி திருநெல்வேலிக்காரி, பொறுமைசாலி. ஆனாலும் ஒரு நாள், "மீனு பேரச் சொல்லிச் சொல்லியே ரசத்துல கவிச்சி அடிக்கி. வாய மூடிட்டு சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் சொசைட்டியில் கூடத்துக்கு ஆபத்து வந்தது.

எங்கள் சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஒவ்வொரு நவராத்திரிக்கும் சமுதாயக் கூடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கொலு வைப்போம். முந்தின வருடம் வந்த கூட்டத்தைக் கூட்டம் என்று சொன்னால் பாவம் வரும். சுண்டலுக்காக வந்த காவலாளிகளையும் டிரைவர்களையும் கழித்தால் மிஞ்சியது நாங்கள்தான். அதே ஒன்பது நாளுக்குக் கூடத்தை, தாண்டியா என்கிற குஜராத்திக் கோலாட்டம் ஆடுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இளமை இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது, கூட்டமும் இருந்தது. சொசைட்டி தலைவர் பத்ரா சாஹிப் நியாயஸ்தர். முதல் நாள் சாயங்காலம் நானே வந்து பார்க்கிறேன், கூடம் நிறைந்திருந்தால் இனி எப்போதும் உங்களுக்கே, இல்லையென்றால் அடுத்த வருடத்திலிருந்து தாண்டியாவுக்கு என்று சொல்லிவிட்டார்.

இதில் எங்கள் எல்லோரையும்விட அதிகம் இழக்கப் போகிறவர் ராஜலக்ஷ்மி மாமி. ஏதோ ஓர் அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கனடாவில். ஏழாவது மாடியில் தனிக் குடித்தனம். நவராத்திரி வந்துவிட்டால் மாமி அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் குங்குமம் கொடுப்பார், அதட்டுவார், பாட்டுப் பாடச் சொல்வார், பாடினால் ராகம் சரியில்லை என்பார். அந்த ஒன்பது நாளுக்காகத்தான் மாமி மீதி வருடத்தைத் தள்ளினார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. கூடம் போய்விட்டால் மாமி தன் பொம்மைகளோடு ஏழாவது மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

அதனால்தான், மாமி வீட்டில் கூடி எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, நான் எழுந்து என் திட்டத்தைச் சொன்னேன். இந்த வருடம் கொலு ஒரு கடல். உச்சிப்படியில் கலசமும், பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளும். அங்கிருந்து படிப்படியாக ஆழம். கீழ்ப்படியில் கடலின் அடி, இருட்டு, அங்கே நம் முள்சுறா. விளக்குகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவோம். பார்க்கிறவர்கள் கடலுக்குள் இறங்குவதாக உணர்வார்கள். இப்படி ஒரு கொலுவை டெல்லி பார்த்திருக்காது.

கோமதி என்னைத் தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கொலுவுல சுறாவா?" என்றார் மாமி.

கொலுப்படியின் தத்துவமே கீழான உயிர்களிலிருந்து தெய்வம் வரை ஏறிப் போவதுதானே என்று நான் வாதாடினேன். மாமி அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க மனதார முயன்றார். கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில், செட்டியாரை எங்கே வைப்பதாக உத்தேசம் என்று கேட்டார். வழக்கமாகக் கீழ்ப்படியில் மளிகைக் கடை பரப்பிக்கொண்டு உட்காரும் செட்டியாரும் அவர் சம்சாரமும் சுறாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன். கடலுக்கு அடியில் யார் வந்து பெருங்காயம் வாங்குவார்கள் என்று மாமி கேட்டார்.

என்னைக் காப்பாற்றியவள் ஸ்டெல்லா. விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. அவள் அப்பா ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடித்தவர். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. தன்னடக்கம் மருந்துக்கும் கிடையாது.

"மாமி, இந்த டெல்லியிலயே சுறாவப் பத்திப் பேசத் தகுதி உள்ள ஒரே ஆளு நான்தான். நாங்க அத எண்ணெய்ச் சுறான்னுதான் சொல்லுவோம். அண்ணாச்சிக்குப் பேப்பர்ல உள்ள சுறாதான் தெரியும். நான் பேசுதேன், கூட்டம் வருதா இல்லையான்னு பாருங்க" என்றாள்.

வேறு திட்டம் யாரிடமும் இல்லாததால் என் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

முள்சுறா பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்காது என்று தேடாமலே தெரியும். உத்தம் நகரில் குயவர்கள் இருக்கும் தெருவுக்குப் போய், தீபாவளிக்கு லக்ஷ்மி கணேசர் செய்துகொண்டிருந்த ஒருவரிடம் கையேட்டிலிருந்த படத்தைக் காட்டினேன். கண் ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டும், முதுகில் இரண்டு முள் கட்டாயம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் படத்தைத் தலைகீழாகவும் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஹோ ஜாயேகா", ஆகிவிடும், என்றார். டெல்லியில் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எச்சரிக்கையாகிவிட வேண்டும். எனக்கு அப்போது தெரியவில்லை.

பொம்மை ஒரு கை நீளத்தில் வந்தது. உடம்பு அச்சு அசல் சுறா. முள் இரண்டும் இருந்தன. கண்தான் காது வரை நீண்டு, மை தீட்டி, இமை முடியெல்லாம் வரைந்து, சாட்சாத் லக்ஷ்மியின் கண்ணாக இருந்தது. போதாததற்குச் சிவப்பு உதட்டில் ஒரு புன்னகை. பெண் சுறா என்று சொன்னீர்களே, முகம் களையாக இருக்கட்டும் என்று செய்தேன் என்றார் குயவர். குட்டி போடுவதைப் பற்றி அவரிடம் நான் நீளமாகப் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திருப்பிக் கொடுக்க நேரமில்லை. இரண்டு கண்ணுக்குள்ளும் துளை போட்டு, பச்சை விளக்கு வைத்துக் கொண்டுவந்து சேர்த்தேன். மாமி பார்த்துவிட்டு, பரவாயில்லை, லட்சணமாக இருக்கிறது என்றார்.

அடுத்து வந்தது எண்ணெய். ஊருக்குப் போயிருந்த ஸ்டெல்லா, அவள் வீட்டில் எப்போதோ உருக்கி வைத்திருந்த சுறா ஈரல் எண்ணெயில் கொஞ்சத்தை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் கொண்டுவந்தாள். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அதை ஊற்றி, மிதக்கிறது பாருங்கள் என்று காட்டுவதாக ஏற்பாடு. மூடியைத் திறந்து முகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இனிமேல் நடந்ததற்கு முழுப் பொறுப்பும் நான்தான். ஆரஞ்சு மூடி போட்ட அந்தப் பிளாஸ்டிக் புட்டி, பட்டுத் துணி விரித்த கொலுப்படியில் கண்ணை உறுத்தியது. எனக்குக் கலைக்கண் வேறு. கோமதியின் பித்தளைத் தூக்கு ஒன்றை எடுத்து, எண்ணெயை அதில் ஊற்றி, வாசனை வராமல் மூடியை இறுக்கி, சுறாவுக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. என்ன எண்ணெய் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கொலுவின் கீழ்ப்படியில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், பித்தளைத் தூக்கில் எண்ணெய் இருந்தால் ஒரு தமிழ் மாமி அதை என்ன செய்வார்? இந்தக் கேள்வியைத் தெருவில் போகிற யாரிடம் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பார்கள்.

முதல் நாள் சாயங்காலம் நான் ஏணி மேல் நின்று பாற்கடலுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே மாமி இரண்டு குத்துவிளக்குக்கும் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, ஐந்து முகமும் ஏற்றிக் கும்பிட்டார். அக்டோபர் மாத டெல்லிப் புகையில் யாருக்கு மூக்கு வேலை செய்யும்? மாமிக்கு நாலு நாளாக ஜலதோஷம். விளக்கு இந்த வருஷம் எவ்வளவு பிரகாசமாக எரிகிறது பார் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் மேலேயிருந்தபடி, ஆமாம் மாமி, கடாட்சம்தான் என்றேன்.

ஏழு மணிக்கு பத்ரா சாஹிப் தன் மனைவியோடும் கமிட்டி ஆட்களோடும் வந்தார். கூடத்தில் நாங்களும், எங்கள் குழந்தைகளும், பக்கத்து மாடியிலிருந்து மரியாதைக்கு வந்த சிலரும்தான். போட்டிருந்த நாற்காலியில் முக்கால்வாசி காலி. மாமி அரக்குப் பட்டில், நாற்காலியைக் கொலுப்படியோரம் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோருக்கும் குங்குமம் கொடுத்தார். பத்ரா சாஹிப் காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு, பார்த்ததை மறைக்க, செட்டியாரைப் பார்த்தார்.

நான் கைதட்டி ஜாடை காட்டினேன். சுவிட்ச் அருகே நின்ற காவலாளி ராம்வீர் விளக்குகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். பாற்கடல் மங்கியது. மீன் கூட்டம் மறைந்தது. படிப்படியாக இருட்டு இறங்கி, கடைசியில் குத்துவிளக்கு இரண்டும், சுறாவின் பச்சைக் கண்களும் மட்டும் மிச்சம். குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வெயிலே வராத ஆழத்தில் இருக்கிறோம் என்று நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன்.

அப்போது வந்தது வாசனை.

முதலில் சாக்கடை என்று நினைத்தேன். இல்லை. இதில் உப்பு இருந்தது, கருவாடு இருந்தது, ஒரு முழு மீன்பிடித் துறைமுகம் இருந்தது. பத்ரா சாஹிப்பின் மனைவி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "பாய் சாஹிப், யே க்யா ஹை?" என்று, இது என்ன கண்றாவி என்கிற தொனியில் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். பித்தளைத் தூக்கின் மூடி திறந்திருந்தது. உள்ளே பாதி காலி.

நவராத்திரி முதல் நாள். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காமல் பாதி டெல்லி விரதத்தில் இருக்கிறது. அந்த நாளில், அம்பாள் முன்னால், ஆசாரமான மாமியின் கையாலேயே, பத்துத் திரியில் சுறா எரிகிறது. கோமதியின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"வாயத் தொறந்து யார்ட்டயாவது சொன்னியளோ, இன்னைக்கு ராத்திரி இந்தச் சுறாகூடத்தான் படுக்கணும். முதல்ல காத்தாடியப் போடச் சொல்லுங்க" என்றாள்.

நல்ல யோசனை என்று ராம்வீரிடம் எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றையும் போடச் சொன்னேன். அவை பழைய காலத்துப் பெரிய ஃபேன்கள். போட்டதும் உறுமிக்கொண்டு, கூடத்துக்குள் இருந்த சுறா வாசனை அத்தனையையும் உறிஞ்சி, வெளியே பூங்காவில் கொண்டுபோய்க் கொட்டின. அந்த நேரத்தில் மொத்த சொசைட்டியும் நடைப்பயிற்சிக்குப் பூங்காவில்தான் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது என் நினைவில் இல்லை.

முதலில் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் சட்டர்ஜி தாதா. (வங்காளியில் தாதா என்றால் அண்ணன்.) பின்னாலேயே அவர் குடும்பம், அவர் மாடியிலிருந்த மற்ற வங்காளிக் குடும்பங்கள். துர்கா பூஜை சமயத்தில் மீன் வறுவல் கடை போடுகிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. இந்த வருஷம் மதராஸிகள் அதை முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, கையில் தட்டோடு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பூங்காவில் இது என்ன நாற்றம் என்று சண்டை போட ஒரு கூட்டம் வந்தது. அந்தச் சண்டையை வேடிக்கை பார்க்க இன்னொரு கூட்டம். தாண்டியா ஒத்திகையில் இருந்தவர்கள் கோலும் கையுமாக வந்தார்கள். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் இருட்டையும், எரிகிற விளக்கையும், தரையோரம் முறைக்கிற பச்சைக் கண்களையும் பார்த்து அப்படியே நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள். நாற்காலிகள் நிறைந்தன, பிறகு சுவரோரம் நிறைந்தது, பிறகு வாசல்படி.

கடைசியாக, பேஸ்மெண்டில் குடியிருக்கும் பூனைகள் வந்தன.

அவற்றில் ஒரு தடித்த சாம்பல் நிறப் பூனை நேராகக் கீழ்ப்படியில் பாய்ந்தது. செட்டியார் கவிழ்ந்தார், அவர் கடையின் பருப்பும் அரிசியும் சிதறின. முள்சுறா ஆடி, ஓரமாகச் சாய்ந்து, கீழே விழப் போனது. நான் தாவினேன். என் கால் வயரில் மாட்டியதால், உச்சிப்படியிலிருந்து தரை வரை வழியவிட்டிருந்த பாற்கடல் துணியில் போய் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால், மாமி நாற்காலியிலிருந்து எழாமலே இரண்டு கையையும் நீட்டி, சுறாவை அந்தரத்தில் பிடித்து மடியில் வாங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இரண்டு நிமிஷம் கைதட்டல் ஓயவில்லை. இருட்டில், அரக்குப் பட்டு மாமியின் மடியில், மை தீட்டிய சுறா பச்சைக் கண்ணால் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தது.

அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஸ்டெல்லா சும்மா இருப்பாளா? மைக்கை எடுத்தாள். (அவளுக்கு மைக் தேவையே இல்லை.) பாதித் தமிழ், பாதி ஹிந்தி. கரையே கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் படகில் போவதைச் சொன்னாள். மைல் கணக்கில் நீளும் ஒரே கயிறு, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் தொங்கும் தூண்டில் முள், ஒவ்வொன்றிலும் இரை குத்திக் கல்லைக் கட்டிக் கடலடிக்கு இறக்குவதைச் சொன்னாள். மணிக்கணக்கில் காத்திருந்து இழுக்கும்போது, கறுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து முதலில் மேலே வருவது ஒரு ஜோடிப் பச்சைக் கண்தான் என்றாள். ஒரு குழந்தை பயந்துபோய் சட்டர்ஜி தாதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"எங்கப்பா கடைசியாப் போனப்ப, கயிறு முழுக்க வெறும் முள்ளாத்தான் வந்துச்சு. குட்டி போட்டு வளர அதுக்கு எத்தன வருசம் வேணும்? நாங்க விட்டு வச்சாத்தானே? அப்பா கரைக்கு வந்து, இனி அந்தப் பக்கம் போக மாட்டேன்னுட்டாரு" என்றாள். அதையே ஹிந்தியிலும் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் வருத்தமாகவும் இருந்தது. நான் மாதக்கணக்கில் மொழிபெயர்த்த கையேட்டில் அந்த வெறும் கயிறு இல்லை.

பிறகு ஸ்டெல்லா, பத்ரா சாஹிப்பின் மனைவியைப் பார்த்து, இந்த எண்ணெயை முகப்பூச்சில் எல்லாம் சேர்க்கிறார்கள், பாபிஜி, நீங்களே பூசியிருக்கலாம் என்றாள். பாபிஜி மூக்கிலிருந்து துப்பட்டாவை மெல்ல எடுத்தார். ஸ்டெல்லா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூக்கை உயர்த்தி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நம்ம வீட்டு எண்ணெய எனக்குத் தெரியாதா? மாமி அதத்தான் விளக்குல ஊத்தியிருக்காக. பாத்தியளா, எவ்வளவு பெரிய மனசு" என்று மைக்கில் சொல்லிக் கைகூப்பினாள்.

தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் உறைந்துபோயின. கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். பாற்கடலில் கிடந்த நான் அங்கேயே இருந்துவிட்டேன். எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி விளக்கைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு அமைச்சகமே நடுங்கியிருக்கிறது. பிறகு அவர் கண் மெல்ல நகர்ந்து, வாசல்வரை நின்ற கூட்டத்தைப் பார்த்தது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதை மாமி அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருநாளும் கண்டதில்லை. மடியிலிருந்த சுறாவைத் தட்டிக்கொடுத்தார்.

"கடல்லயே படுத்துண்டிருக்கறவருக்கு மீன் வாசனை என்ன புதுசா? முதல் அவதாரமே மீனா எடுத்தவர். ஏத்தின விளக்கை நடுவுல அணைக்கப்படாது. அது பாட்டுக்கு எரியட்டும்" என்றார்.

இதை ஸ்டெல்லா ஹிந்தியில் சொன்னதும் கூடம் அதிர்ந்தது. தாண்டியாக்காரர்கள் கோலைத் தட்டினார்கள். நான் பாற்கடலிலிருந்து எழுந்து, காரணமே இல்லாமல் நாலா பக்கமும் கும்பிட்டேன்.

பத்ரா சாஹிப் மட்டும் கைதட்டவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கோபமோ என்று பயந்து பக்கத்தில் போனேன். அமிர்தசரஸ்காரர் அவர், அங்கே மீன் வறுவல் விசேஷம். காலையிலிருந்து விரதத்தில், இரண்டு உருளைக்கிழங்கோடு இருந்தார். "விரதத்துல சாப்பிடக் கூடாதுன்னுதான் இருக்கு ஆறுமுகம்ஜி. முகரக் கூடாதுன்னு எங்கயும் இல்ல" என்று ஹிந்தியில் முணுமுணுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். விளக்கு அணைகிற வரை அந்த இடத்தைவிட்டு எழவில்லை. எழுந்தபோது, கூடம் உங்களுடையது என்று எல்லோர் முன்னாலும் மாமியிடம் சொன்னார். மாமி அவருக்குச் சுண்டல் கொடுத்தார். விரதம் என்று மறுத்ததற்கு, வெங்காயம் கிடையாது, எடுத்துக்கோங்கோ என்று அதட்டினார்.

அந்த வருடம் மீதி எட்டு நாளும் கூட்டம் குறையவில்லை. தட்டோடு வந்த வங்காளிகள் தட்டு நிறையச் சுண்டலோடு திரும்பினார்கள். தாண்டியாக்காரர்களுக்கு மாமி தினமும் பூஜை முடிந்த பிறகு கூடத்தைத் திறந்துவிட்டார். தானும் உட்கார்ந்து பார்த்து, தாளம் சரியில்லை என்றார். சுறா எரிந்த மறுநாள் காலையில் மாமி கூடம் முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்ததையும், விளக்குகளைப் புளி போட்டு என்னைத் தேய்க்க வைத்ததையும் வெளியே யாரும் அறியமாட்டார்கள்.

சுறாவுக்கு மாமி ஒவ்வொரு வருடமும் ஒரு படி உயர்வு கொடுத்துவந்தார். இப்போது அது உச்சிப்படியில், மச்சாவதாரத்துக்குப் பக்கத்தில், அதே மை தீட்டிய கண்ணோடு இருக்கிறது. நான் இன்னும் அதே பதவியில், அதே மேஜையில்தான் இருக்கிறேன்.

ஆனால் கொலுவில் எனக்கென்று ஒரு பொறுப்பு உண்டு. முதல் நாள் சாயங்காலம், நிறைந்த கூடத்தில், மாமி திரியெல்லாம் போட்டு முடித்துவிட்டுப் பித்தளைத் தூக்கை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "ஆறுமுகம், மோந்து பாரு" என்பார். கூடம் அமைதியாகும். நான் முகர்ந்து, நல்லெண்ணெய்தான் என்று உரக்க அறிவிப்பேன். அதற்குப் பிறகுதான் விளக்கு எரியும். போன வருடம் அறிவித்தபோது குழந்தைகள் சிரித்தார்கள், ஸ்டெல்லா விசிலடித்தாள், மாமி தீக்குச்சியைக் கிழித்தார். முதல் வரிசையில் கண்ணை மூடிக் காத்திருந்த பத்ரா சாஹிப், ஒரு நீண்ட மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷமும் இல்லையா என்று வருத்தமாகக் கேட்டார்.